கழுவாத விரலில் எடுத்த ரத்தம்

என் பெயர் மெல்வின், வயது 41, த/பெ ஞானசுந்தரம். கொட்டச்சேடு எஸ்டேட் லயத்தில் குடியிருந்து அந்த எஸ்டேட்டுக்கே ஜீப் ஓட்டி வருகிறேன். தினேஷ் என்பவரை அடித்தது நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஏன் அடித்தேன் என்பதையும் விடாமல் எழுத வேண்டும்.

என் மனைவி அற்புதம் காப்பிப் பழம் பறிக்கிறாள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறவள். மேற்படி தினேஷ் ஒரு கம்பெனிக்காக வந்து, செல்போனில் சர்க்கரை அளவைக் காட்டிக்கொண்டே இருக்கும் வில்லையை எஸ்டேட் ஆட்கள் கையில் ஒட்டினார். வில்லை சரியாகக் காட்டுகிறதா என்று விரல் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அவர் வேலை.

சம்பவத்தன்று பழம் பறித்துக்கொண்டிருந்தவளைப் பாதியில் கூப்பிட்டார். சர்க்கரை இறங்கிவிட்டது என்று செல்போன் 58 காட்டிக் கத்தியது. அதன்பின்பு அவர் விரலில் குத்திப் பார்க்க, மிஷின் 290 காட்டியது. நான் மூட்டை ஏற்றிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். அவளுக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது.

"நொம்ப படபடன்னு வருதுங்க, மிட்டாய் ஒண்ணு போட்டுக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

அவர், "ஒட்டுனது தப்பாக் காட்டுதுங்க. ரத்தம் பொய் சொல்லாது, ஊசியப் போடுங்க" என்றார். படித்த ஆள் சொல்கிறாரே என்று அவளும் போட்டுக்கொண்டாள்.

அதன்பின்பு மேட்டில் ஏறிப் பறித்துக்கொண்டிருந்தவள் கொஞ்ச நேரத்தில் செடியோடு சாய்ந்தாள். ஜீப்பில் போட்டு ஏற்காடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நர்ஸ் சுஜாதா முதலில் அவள் விரலைத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்து, அதன்பின்பே குத்தினார். 24 இருந்தது. விரலெல்லாம் பழச்சாறு பிசுபிசுவென்று ஒட்டியிருந்ததாகவும், 290 காட்டியது அந்தப் பழத்தின் இனிப்பு என்றும், வில்லை காட்டியதே சரி என்றும் சொன்னார்.

குளுக்கோஸ் ஏற்றியும் அவள் கண் திறக்கவில்லை. அதன்பின்பு அந்த ஆள் வந்தார். அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழுதான வில்லை, கணக்கில் சேராது என்று சொல்லி அவள் கையிலிருந்து பிய்க்கப் போனார்.

"குத்தறதுக்கு முன்னால கையக் கழுவச் சொன்னியா?" என்று கேட்டேன்.

"அதுக்கெல்லாம் ஏதுங்க நேரம், அத்தன பேரு வரிசையில நின்னாங்க" என்றார்.

அதன்பின்பு அடித்தேன். உதடு கிழிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். கிழியட்டும். எனக்கு வருத்தமில்லை. இந்நேரம் வரை அற்புதம் கண் விழிக்கவில்லை.

இங்கே என் விரல் ரேகை எடுக்குமுன், கையில் கிரீஸ் இருப்பதைப் பார்த்து ஸ்டேஷன் ரைட்டர் சோப்புக் கொடுத்துக் கழுவி வரச் சொன்னார். அழுக்கு இருந்தால் ரேகை தப்பாக விழுமாம். எனக்குப் பின்னாலும் ஆட்கள் நின்றார்கள். நான் கழுவி வரும்வரை காத்திருந்தார்கள். இதையும் எழுதச் சொன்னேன்.

வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ஞா. மெல்வின்