இடம் மாறிய பைன் மரம்

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி மட்டும் வேண்டாம், சாய்மானத்தில் பச்சை வண்ணம் இன்னும் காயவில்லை. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த பச்சை. சீருடையில் ஒட்டினால் எதற்கும் போகாது.

ரைமொண்டாஸைப் பற்றித்தானே கேட்க வந்தீர்கள். சொல்கிறேன்.

நான் எங்கும் போய் ஓவியம் படித்தவள் இல்லை. முப்பது வருடமாக இலையுதிர் காலத்தில் கிரான்பெர்ரி பறிக்கச் சதுப்புக்குப் போகிறேன். ஒரு கையில் கூடை, மறு கையில் வரைகிற பலகை. கடவுள் தேவாலயத்தில் இருக்கிறார் என்று பாதிரியார் சொல்கிறார். இருக்கட்டும். நான் பார்த்தது சதுப்பில்தான், விடியற்காலையில், மூடுபனி பாசியை விட்டு எழும்பும்போது. கடவுளை வரைய ஒரே விதி உண்டு: எதையும் நகர்த்தக் கூடாது. அவர் மரத்தை எங்கே நட்டாரோ, அங்கேதான் அது நிற்க வேண்டும். படம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிந்தாலும் பரவாயில்லை. ஊருக்கே இது தெரியும். பக்கத்து வீட்டு பெத்ரொனேலே என்னைக் கேலி செய்வாள்: "பார்போரா படத்த வச்சே வழி கண்டுபிடிச்சுப் போயிடலாம்டி. ஆனா போய்ச் சேர்றப்ப பெர்ரியெல்லாம் அவ கூடையில இருக்கும்."

ரைமொண்டாஸ் தலைநகர் வில்னியஸ்காரர். ஐந்து கோடைகள் என் மாடி அறையில் தங்கினார். சதுப்பில் கடவுளைச் சந்தித்த ஓவியர் என்று செய்தித்தாள்கள் அவரைப் பற்றி எழுதின. உண்மையில் அவர் என் சமையலறையைத் தாண்டியதில்லை. தேன் ஊற்றிய பாலாடைக்கட்டியைத் தின்றுகொண்டே என் பலகைகளைப் பார்த்து வரைவார்.

"கால் நனைஞ்சா எனக்குச் சளி பிடிச்சுக்கும் அக்கா. நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. நான் உங்க கண்ணால பாத்துக்கறேன்."

நானும் சிரித்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

எனக்கு உர்ஷுலே என்று ஒரு மகள் இருந்தாள். ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அடக்கம் செய்த மறுநாள் காலை சதுப்புக்குப் போய் ஒரு படம் வரைந்தேன். கீழே விரலளவு பாசி. மேலே முழுக்க வானம், அதில் எதுவுமே இல்லை. அந்த வெளிச்சத்தில் என் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று பார்த்துவிட்டேன். யாருக்கும் காட்டவில்லை. இருபத்திரண்டு வருடம் அலமாரிக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி இருந்தது.

நான் முட்டிக்கு வைத்தியம் பார்க்க மருத்துவமனையில் கிடந்த வாரத்தில் ரைமொண்டாஸ் அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அடுத்து அதைத் தலைநகரில் அவருடைய கண்காட்சியில்தான் பார்த்தேன். மூலையில் அவர் பெயர். வானத்தில் ஒரு நாரை.

என்னைப் பார்த்ததும் அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. சுற்றி நின்றவர்களிடம், "நான் தங்கற வீட்டம்மா இவங்கதான். இவங்க சுடற உருளைக்கிழங்கு அப்பத்த நீங்க சாப்பிட்டுப் பாக்கணும்" என்றார். பிறகு என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. வானம் வெறுமையா கெடந்துச்சு, அதான் ஒரு நாரையப் போட்டேன்."

"வெறுமையா இல்ல. அங்க என் பொண்ணு இருந்தா."

"சரி, இப்ப அவளுக்குத் துணைக்கு நாரை இருக்கு."

நான் பேருந்து பிடித்து வீடு வந்தேன். அடுத்த கோடையில் அவர் வந்தபோது, வெளுத்த விரிப்பு போட்டு அதே அறையைக் கொடுத்தேன்.

செப்டம்பரில் ஒரு பத்திரிகை, சதுப்பின் நடுவில் அவரை நிற்கவைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று கேட்டது. முகம் வெளுத்து என்னிடம் வந்தார்.

"நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க அக்கா."

"முட்டி மடங்க மாட்டேங்குது. வழிய வரைஞ்சு தர்றேன். போட்டோக்காரர் வர்றதுக்கு முந்தின நாள் தனியா போய் நடந்து பழகிக்கங்க. இல்லாட்டி அவர் முன்னாடி ஈரத்துல விட்ட கோழி மாதிரி காலத் தூக்கித் தூக்கி வைப்பீங்க."

வாய்விட்டுச் சிரித்தார். "உங்க படத்துல ஒரு புல்லுகூட இடம் மாறாது. அது போதும் எனக்கு."

மூன்று நாள் வரைந்தேன். வழியில் ஓரிடத்தில் உச்சி பிளந்த பைன் மரம் ஒன்று நிற்கிறது. அதை இடக்கைப் பக்கம் விட்டு நடந்தால் தரை தாங்கும். மரத்துக்கு மறுபுறம் பாசி மெத்தை மாதிரி தெரியும். அடியில் தண்ணீர்தான், ஆழம் யாருக்கும் தெரியாது. படத்தில் அந்த மரத்தை வலக்கைப் பக்கம் வைத்தேன். அவர் என் வானத்தில் ஒரு பறவையைச் சேர்த்தார். நான் ஒரு மரத்தை நகர்த்தினேன், அவ்வளவுதான். மற்றதெல்லாம் இம்மி பிசகாமல் அப்படியே இருந்தது.

காலையில் பலகையை ஜெபப் புத்தகம் மாதிரி அணைத்துக்கொண்டு புறப்பட்டார். அரை மணி கழித்து நானும் போனேன். முட்டி வலித்தது, போக முடியாத அளவுக்கு இல்லை. அவர் இடுப்பு வரை இறங்கியிருந்தார். நான் கெட்டியான மேட்டில், ஒரு பிர்ச் மரத்தடியில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தேன். வெளிச்சம் நன்றாக இருந்தது.

முதலில் "அக்கா" என்று கூப்பிட்டார். அப்புறம் அவருடைய அம்மாவை. கடைசியில் கடவுளை. அந்த இடத்தில் கடவுளைச் சந்தித்ததாக ஐந்து வருடம் ஊரெல்லாம் சொன்னவர், அன்றைக்குத்தான் முதல்முறையாக உண்மையிலேயே தேடினார். அதற்கு நான் உதவியிருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

பாவமன்னிப்பு கேட்கவும் போனேன். படத்தில் ஒரு மரத்தை இடம் மாற்றிவிட்டேன் என்று பாதிரியாரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே மூன்று ஜெபம் சொல்லச் சொன்னார். ஆறாகச் சொன்னேன்.

வஞ்சம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் தம்பி. எனக்கு யார்மீதும் கோபமில்லை.

காப்பாற்ற ஏதாவது கையில் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. பெர்ரி பறிக்கப் போகிற எல்லாரையும் போல நானும் நீளக் கோல் இல்லாமல் சதுப்பில் கால் வைக்கமாட்டேன். அவர் கைக்கு எட்டியிருக்கும். காற்றில் பலகை ஆடாமல் இருக்க அந்தக் கோலை அடியில் முட்டுக் கொடுத்திருந்தேன். எடுத்தால் படம் கலைந்துவிடும்.