அக்காவுக்கு வாய் நான்தான்

டீயில சர்க்கரை கம்மி சார். குறையாச் சொல்லலை. எப்படி இருக்குன்னு கேட்டீங்க, உள்ளதைச் சொன்னேன். மனசுல ஒன்னு வாயில ஒன்னுன்னு பேச எனக்கு வராது. எங்க தெருவுல யாரை வேணா கேட்டுப் பாருங்க. "அந்தம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லிடும், ஆனா பொய் சொல்லாது"ம்பாங்க.

அக்காவைப் பத்தித்தானே கேக்கறீங்க? ஆரம்பத்துல இருந்தே சொல்றேன். நடுவுல கேள்வி கேட்டா எனக்கு விட்டுப்போயிடும்.

எங்க அக்கா ஊமைப்படக் காலத்துல பெரிய நடிகை. உங்களுக்குத் தெரிஞ்சிருக்க நியாயமில்லை, நீங்க அப்போ பொறந்திருக்கவே மாட்டீங்க. தியேட்டர் வாசல்ல அவ முகத்தை ஒரு மாடி உயரத்துக்கு வரைஞ்சு வைப்பாங்க. கண்ணு மட்டுமே ஜன்னல் அளவு இருக்கும். அவ சாகுற காட்சி வந்தா ஜனங்க அப்படி அழும். ஒரு தடவை அவ மூச்சை அடக்கிக்கிட்டுக் கிடக்கறதைப் பார்த்து நானே பதறிப்போய் கேமராவுக்கு முன்னாடி ஓடிட்டேன். டைரக்டர் என்னைக் கிழிகிழின்னு கிழிச்சார். அக்கா மட்டும் படுத்தபடியே ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரிச்சா.

அவளுக்குப் பேச்சு கம்மி. பயந்த சுபாவம்னு அம்மா சொல்லுவாங்க. அம்மா போனதுக்கப்புறம் அவகூட ஷூட்டிங்குக்குத் துணைக்குப் போனது நான்தான். யாராவது அவகிட்ட எதையாவது கேட்டா, அவ யோசிச்சு வாயைத் திறக்கறதுக்குள்ள நான் சொல்லிடுவேன். அக்காவுக்குத் தண்ணி வேணும். அக்காவுக்கு அந்தப் பச்சைக் கலர் பிடிக்கலை. அக்காவுக்குக் கல்யாணத்துல இஷ்டமில்லை. அந்தக் காலத்துப் படத்துல வாயை அசைப்பாங்க, என்ன சொன்னாங்கன்னு அடுத்தாப்ல எழுத்து வரும் இல்லையா, வீட்டுல அந்த எழுத்து நான்தான். அவளுக்கும் அது சௌகரியமாத்தான் இருந்தது.

ஒரு நாள் ஒரு பட முதலாளி வீடு தேடி வந்தார். அவரை எனக்குப் பிடிக்கலை. அக்காவுக்கும் பிடிச்சிருக்காது. "அக்காவுக்குக் காய்ச்சல், படுத்திருக்கா"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். உள்ள வந்து பார்த்தா, மகராசி குத்துக்கல் மாதிரி உக்காந்து தலை வாரிக்கிட்டிருக்கா. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு சார். என் வாயால முதல் பொய். மனுஷன் மறுநாள் விசாரிக்க வந்தா என்ன ஆகும்? அன்னைக்குச் சாயங்காலம் அவளை ஈரத்துணியோட மொட்டைமாடியில உக்கார வச்சேன். நல்ல குளிர். ஏன்னு அவ கேக்கலை. "யார்கிட்ட என்ன சொல்லிட்டு வந்தே?"ன்னு மட்டும் கேட்டா. சொன்னேன். சிரிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டா. மறுநாள் காலையில உடம்பு அனலாக் கொதிச்சது. எனக்கு அப்பத்தான் நிம்மதியா மூச்சு வந்தது. முதலாளி பழக்கூடையோட வந்து, பாவம்னு பார்த்துட்டுப் போனார். நான் சொன்னதுல பொய் எங்கே இருக்கு, நீங்களே சொல்லுங்க.

அப்புறம் பேசும் படம் வந்தது. ஊமைப்படத்துல நடிச்சவங்களை எல்லாம் மைக்குக்கு முன்னாடி நிக்க வச்சுக் குரல் பார்த்தாங்க. அக்காவையும் கூப்பிட்டாங்க. ஒரு வாரமா கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பழகிட்டிருந்தா. நல்ல குரல்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நாலு பேருக்கு முன்னாடி பேசியே பழக்கமில்லாதவ அங்கே போய்த் திக்கித் திணறினா யாருக்குக் கேவலம்? அவளைக் கூட்டிட்டுப் போக வந்த மேனேஜர்கிட்ட, "அக்காவுக்குத் தொண்டை போயிடுச்சு, இனிமே குரல் திரும்பாது"ன்னு சொல்லிட்டேன். சொன்னா சொன்னதுதானே. பாத்திரம் விளக்கற பொடியை வெந்நீர்ல கரைச்சு, தேன் கலந்து எடுத்துட்டுப் போனேன். "யார்கிட்ட என்ன சொல்லிட்டு வந்தே?"ன்னா. "உனக்குத் தொண்டை சரியில்லைன்னு"ன்னேன். மருந்துன்னு நினைச்சுக் குடிச்சிருக்கலாம். நான் மருந்துன்னு சொல்லலை.

ரொம்ப நாள் வாயே திறக்க முடியலை அவளால. நான்தான் ராப்பகலாப் பக்கத்துல உக்காந்து கஞ்சி ஊட்டினேன். குரல் வந்தப்போ, துருப்பிடிச்ச கதவைத் தள்ளற மாதிரி ஒரு கரகரப்பு. அதோட கதாநாயகி வேஷம் போச்சு. அப்புறம் கூட்டத்துல ஒருத்தி, ஆஸ்பத்திரிக் காட்சியில தட்டு ஏந்தற நர்ஸு, ரயில்ல தூங்கற கிழவின்னு துக்கடா வேஷம். பிணமா நடிக்க ஆள் வேணும்னா மட்டும் ஸ்டுடியோவுல அக்காவைத்தான் முதல்ல தேடுவாங்க. அவளை மாதிரி அசையாம யாராலயும் கிடக்க முடியாது. எனக்கு அதுல பெருமைதான்.

அந்தத் தொண்டை விஷயத்துக்கப்புறம் அக்காவுக்கு ஒரு பழக்கம் வந்துடுச்சு. நான் எதை நீட்டினாலும், டம்ளரைக் கையில வாங்கி வச்சுக்கிட்டு, "யார்கிட்ட என்ன சொல்லிட்டு வந்தே?"ம்பா. யார்கிட்டயும் ஒன்னும் சொல்லலைன்னு நான் சொன்னாத்தான் குடிப்பா. நான் பொய் சொல்ல மாட்டேன்னு அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷமும் அப்படித்தான். எங்களுக்குள்ள ஒரு விளையாட்டு மாதிரி. பால்காரர்கூட அதைக் கேட்டுச் சிரிப்பார்.

போன மாசம் ஒரு கோர்ட்டு காட்சி எடுத்தாங்க. அக்கா கூட்டத்தோட கூட்டமா பின்னாடி நிக்கறா, நான் வழக்கம்போல ஓரத்துல அவ செருப்பைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரே ஒரு வரி பேச வேண்டிய பொம்பளை அதை மறந்துபோய் முழிச்சா. அக்கா பின்னாலேர்ந்து அந்த வரியைச் சொல்லிட்டா. அந்தக் கரகரக் குரல்ல. டைரக்டர் சின்ன வயசுக்காரர். "யாரு பேசினது?"ன்னு கேட்டார். நான் எழுந்து, "எங்க அக்காதான் சார், அவளுக்குச் சரியாப் பேச"ன்னு ஆரம்பிச்சேன். அவர் கையைக் காட்டி, "நீங்க இருங்கம்மா, அவங்க சொல்லட்டும்"னுட்டார்.

என் வாழ்க்கையில யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை சார். எனக்கு முகமெல்லாம் எரிஞ்சது. அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. "நான்தான் பேசினேன்"னா.

அடுத்த படத்துல அம்மா வேஷம் அவளுக்குன்னு அங்கேயே முடிவு பண்ணிட்டார். பக்கம் பக்கமா வசனம். "இப்படி ஒரு குரலைத் தேடித்தான் அலைஞ்சுக்கிட்டிருந்தேன்"னு சொன்னார். அந்தக் குரலை யார் கொடுத்ததுன்னு அவருக்குத் தெரியாது. நானும் சொல்லிக்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

அன்னையிலேர்ந்து வீட்டுல ஓயாத பேச்சு. பாத்ரூம்ல வசனம், சமையக்கட்டுல வசனம். பால்காரர்கிட்ட அவளே போய், "இன்னைக்கு அரை லிட்டர் போதும்"னா. டாக்டர்கிட்ட அவளே முட்டி வலியைச் சொன்னா. எல்லாத்துக்கும் மேல, "முதல் நாள் ஷூட்டிங்குக்கு நீ வர வேண்டாம், நானே போயிட்டு வந்துடறேன்"னா.

ஷூட்டிங் அன்னைக்குக் காலையில கார் வந்துடுச்சு. உதவி டைரக்டர் வாசல்ல நின்னு, "அம்மா கிளம்பிட்டாங்களா?"ன்னு கேட்டான். அக்கா குளிச்சுக்கிட்டிருந்தா. "அக்கா விடியக்காலையில தவறிட்டாங்க"ன்னு சொன்னேன். நான் யோசிச்சுச் சொல்லலை சார். கேட்டா பதில் சொல்லிப் பழகின வாய், சொல்லிடுச்சு. பாவம், அந்தப் பையனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அக்காவோட வசனம் கேக்குது. யாருன்னு பார்த்தான். "ரேடியோ நாடகம்"னேன். "டைரக்டரையும் எல்லாரையும் கூட்டிட்டு இப்பவே வந்துடறேம்மா"ன்னு சொல்லிட்டுப் போனான்.

கதவைச் சாத்தினதும் முதல் காரியமா ரேடியோவைச் சத்தமா வச்சேன். ஒன்னு சரியாச்சு. இன்னொன்னு மிச்சம்.

அக்கா புதுப் புடவை கட்டி, தலை வாரிக்கிட்டு வந்தா. அழகா இருந்தா. டீயை நீட்டினேன். அதுல ஒன்னும் இல்லை சார், வெறும் டீதான். கையில வாங்கிக்கிட்டு அதே கேள்வியைக் கேட்டா. சொன்னேன். இந்தத் தடவை சிரிக்கலை. டம்ளரைக் கீழே வச்சுட்டு, "கார் போயிடுச்சா?"ன்னா.

நான் தன்மையாத்தான் சொன்னேன். "வர்றவங்க பார்த்துட்டுப் போற வரைக்கும் கொஞ்ச நேரம் படுத்துக்கோ. உனக்கு வராததா? மூச்சை அடக்கிக்கோ, நான் பேசிக்கறேன்." அவ என்னை நேராப் பார்த்தா. "இனிமே நான் பிணமா நடிக்க மாட்டேன்"னா. சொல்லிட்டுச் செருப்பை மாட்ட ஆரம்பிச்சுட்டா. அவ பிடிவாதம் பிடிக்காம இருந்திருந்தா விஷயம் இவ்வளவு தூரம் வந்தே இருக்காது. அவங்க வந்துக்கிட்டிருக்காங்க. எனக்கு வேற வழி இல்லை. கட்டில்ல தள்ளித் தலையணையை எடுத்தேன். வயசானவதானே, ரொம்பச் சிரமமில்லை.

முடிஞ்சதும் தலையை வாரி விட்டு, கையை நேரா எடுத்து வச்சேன். கொஞ்ச நேரம் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ஒரு கண்ணைத் திறந்து சிரிப்பாளான்னு பார்த்துக்கிட்டிருந்தேன். அதுக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

மலர் வளையத்தோட எல்லாரும் வந்தாங்க. உதவி டைரக்டர் அவ கையைத் தொட்டான். தொட்டவன் கையை எடுக்கவே இல்லை. "விடியக்காலையிலன்னீங்களே, இன்னும் சூடா இருக்கே"ன்னான். நேரத்தைத்தான் மாத்திச் சொல்லிட்டேன் சார். அது தப்பு, ஒத்துக்கறேன்.

கடைசியா அவ ஏதாவது சொன்னாளான்னு கேக்கறீங்க. தலையணை ஒரு தடவை நழுவுச்சு. அப்போ அவ வாய் அசைஞ்சது. ரேடியோ சத்தத்துல எனக்கு ஒன்னும் கேக்கலை. அதனால என்ன? அவ என்ன நினைப்பான்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? "என் தங்கச்சி மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை." அக்கா சொன்னதாவே எழுதிக்கோங்க சார்.