கேப்டன் எண்ணிவிட்டுத்தான் கதவை மூடுவார்

"ஒருத்தருக்காக மொத்தக் கப்பலையும் திருப்புறாரே, மத்தவங்களுக்குக் கோவம் வராதா?" என்று ஒரு சிறுமி என்னிடம் ஒருமுறை கேட்டாள். எங்கள் தொலைக்காட்சி நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகளில் ஒருத்தி. முன்பல் இரண்டும் இல்லை.

'தூரவெளி' விண்கப்பல் தொடர் ஐம்பது வருடம் கழித்தும் ஏன் அலுக்கவில்லை என்று உங்கள் புத்தகத்துக்காகக் கேட்கிறீர்கள். விடை அந்தப் பெண்ணின் கேள்வியிலேயே இருக்கிறது. அதில் வரும் பாறைகளெல்லாம் அட்டை. ராட்சசனின் முதுகில் ஜிப் தெரியும். எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் அதே மூன்று தொட்டிச் செடிகள் நிற்கும். ஆனால் ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும், கப்பல் கிளம்பும்முன், கேப்டன் கதவருகில் நின்று ஆட்களை எண்ணுவார். ஏழு பேர் இருந்தால்தான் கதவு மூடும். ஆறு என்றால் திரும்பிப் போவார்கள். ஒரு பாகம் முழுக்கச் சமையல்காரர் ஒருவரைத் தேடியே போகும். வேலை முடிந்து களைத்து வருகிறவன் அதைப் பார்க்கும்போது, தன்னையும் யாரோ எண்ணுகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறான். அவ்வளவுதான் ரகசியம்.

நான் டேப் அறைப் பொறுப்பாளனாக இருபத்திரண்டு வருடம் இருந்தேன். அந்தக் காலத்தில் பழைய டேப்பை அழித்து, அதன்மேலேயே செய்தி பதிவு செய்வார்கள். எல்லா நிலையங்களிலும் 'தூரவெளி' அப்படித்தான் போனது. நான் மட்டும் அறுபத்து நான்கு பாகங்களுக்கும் 'பாசன ஆலோசனை' என்று சீட்டு ஒட்டி, கடைசி வரிசையில் ஒளித்து வைத்தேன். உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே தொகுப்பு என்று பத்திரிகைகள் எழுதின. இன்றும் ரசிகர்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். பிசுபிசுத்த கைகள். அவர்கள் போனதும் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவுவேன்.

டேப்பில் பூஞ்சை பிடிக்கும். ஈரக் காலுறை மாதிரி நாறும். அதைத் துடைக்க ஓர் அம்மாள் இருந்தார். எல்லாருக்கும் அவர் பூஞ்சக்கா. அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். "பூஞ்சக்கா வந்தாச்சு, கறையெல்லாம் ஓடிப் போ!" என்று உள்ளே நுழைவார். கன்னத்தில் எப்போதும் ஓர் இருமல் மிட்டாய். அது பல்லில் மோதும் சத்தம் அறை முழுக்கக் கேட்கும். போகாத கறை என்றால் டேப்பின்மேல் வாயால் ஊதி, ஈரமாக்கித் துடைப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நல்லவர், அதில் சந்தேகமில்லை. என் அம்மா மருத்துவமனையில் கிடந்த பதினோரு நாளும் வேலை முடிந்து வந்து கூட இருந்தார்.

"நீ போய்க் குளிச்சிட்டு வா தம்பி. நோயாளி யாருன்னு டாக்டருக்கே கொழப்பமாயிரும்."

அம்மா வாந்தி எடுத்தபோது பாத்திரம் தேட நேரமில்லாமல் தன் இரு கையிலும் ஏந்தினார். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டும். மறுநாள் அந்தக் கைதானே டேப்பைத் தொட்டது.

டேப் அறைக்கு இரும்புக் கதவு. வெளியே ஒரு கைப்பிடி. தீ நெருங்கினால் கதவைப் பூட்டி, கைப்பிடியை இழுக்க வேண்டும். கரியமில வாயு உள்ளே நிரம்பும், டேப்புகள் தப்பிக்கும். மனிதர் தப்பிக்க முடியாது. அதனால் உள்ளே போகிறவர் தன் பித்தளை டோக்கனை வெளியே கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். இழுப்பவர் கொக்கியைப் பார்த்துவிட்டு இழுக்க வேண்டும். அந்த விதியை எழுதியவரும் கேப்டனின் ரசிகராகத்தான் இருந்திருப்பார்.

அன்று வெள்ளிக்கிழமை பிற்பகல். பக்கத்து எடிட்டிங் அறையில் வயர் பற்றிக்கொண்டது. தாழ்வாரத்தில் புகை. எல்லாரும் படியில் இறங்கி ஓடினார்கள். நான் இரும்புக் கதவுக்கு வந்தேன். பூஞ்சக்கா கடைசி வரிசையில் இருந்தார். அவருக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடப்பார். கூப்பிட்டு வெளியே கொண்டுவர ஒரு நிமிடமாவது ஆகும். ஒரு நிமிடம் கதவு திறந்திருந்தால் புகை உள்ளே போகும். அறுபத்து நான்கு பாகங்களை இனிமேல் பார்க்கப் போகும் குழந்தைகளை நினைத்தேன். பிரார்த்தனை செய்தேன், நான் தினமும் செய்கிறவன். கதவைப் பூட்டி இழுத்தேன்.

உள்ளிருந்து தட்டும் சத்தம் நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் நின்றது.

நீங்கள் எழுதலாம், நான் நிதானமாகத்தான் சொல்கிறேன்.

டோக்கன் கொக்கியில் தொங்கியதா என்று கேட்பீர்கள். தொங்கியது. இழுக்கும்முன் அதை எடுத்து, கதவுக்கு வெளியே அவர் நாற்காலியில் மாட்டியிருந்த கைப்பைக்குள் போட்டேன். 'டோக்கனை மாட்டாமல் உள்ளே சென்றது பணியாளரின் கவனக்குறைவு' என்று விசாரணை அறிக்கையில் எழுதினார்கள். அவர் மகள் என்னைத் தேடி வந்தாள்.

"அம்மாவால உங்களுக்கும் மனக்கஷ்டம் சார். மன்னிச்சிருங்க. வீட்லயும் அவங்க இப்படித்தான், எதையாவது மறந்துட்டே இருப்பாங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. தப்பு பண்ணாத மனுசன் யாரு?" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கழுவிக்கொண்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. தீப்பிடிப்பதற்கு நான்கு நாள் முன்பு கடல் கடந்த ஒரு நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. தங்கள் கிடங்கில் 'தூரவெளி' அறுபத்து நான்கு பாகமும் பழுதில்லாமல் இருப்பதாகவும், பிரதி அனுப்பத் தயார் என்றும் எழுதியிருந்தார்கள். கடிதத்தைப் பிரித்தது பூஞ்சக்கா. துள்ளாத குறை.

"தம்பி, நம்ம தலைமேல இருந்த பாரம் எறங்கிருச்சு! இனி இங்க என்ன ஆனாலும் கேப்டன் பொழச்சுக்குவாரு."

"யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா. நானே சொல்றேன்." அவர் கேட்ட ஒவ்வொரு நாளும் இதையே சொன்னேன்.

"நாலு நாளா இதத்தான் சொல்ற. நல்ல சேதிய யாராவது பூட்டி வைப்பாங்களா? திங்கக்கெழம நானே மேனேஜர்கிட்டச் சொல்லிருவேன், பாத்துக்க."

அவர் அதைச் சொன்னது வெள்ளிக்கிழமை காலை. தீயை நான் வைக்கவில்லை. அது தானாக வந்தது. அதைக் கடவுளின் செயல் என்றே எடுத்துக்கொண்டேன்.

கடிதத்தைக் கழிவறையில் கிழித்துப் போட்டேன். நான்கு வருடம் கழித்து அந்த நிலையத்தார் நேராக மேனேஜருக்கே எழுதினார்கள். இன்று நீங்கள் பார்ப்பது அவர்களுடைய பிரதி. நம்முடையதைத் துடைக்க ஆள் இல்லை. பூஞ்சை முழுதாகத் தின்றுவிட்டது. ஒவ்வொரு பெட்டியாகக் குப்பைக்குப் போட்டபோது வாந்தி வரும் நாற்றம். ஆனாலும் தீயிலிருந்து தொடரைக் காப்பாற்றியவன் என்றே எனக்குப் பெயர். மறுத்துப் பேசுவது மரியாதையாக இருக்காது.

நன்றி கெட்டவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அம்மாவுக்காக அவர் செய்ததை நான் மறக்கவில்லை. வந்த பிரதியைச் சீர்செய்யும் வேலை என்னிடம்தான் இருந்தது. கடைசிப் பாகத்தில் பெயர்கள் ஓடி முடிந்து திரை கறுக்கும் இடத்தில், தனியாக உட்கார்ந்து, அக்காவின் முழுப்பெயரை என் கையாலேயே சேர்த்தேன். ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம் இருக்கும். அதற்கு மேல் விட்டால் யாராவது படித்துவிட்டு, யார் இந்த அம்மாள் என்று கேட்பார்கள். இதுவரை ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை. அக்காவுக்கு நான் பட்ட கடன் அத்தோடு தீர்ந்தது.