பிரேக் பிடிக்க ஒரு ஆள்

அந்தி ஆறேகால் மணி. கண்டிக்குப் பக்கத்துல, திகன தாண்டி மலைக்கு ஏறுற குறுக்கு ரோட்டு. ஒரு வீடு இல்ல, ஒரு லைட் இல்ல... மோட்டார் சைக்கிள ஓரமா நிப்பாட்டிட்டு மத்தியாஸ் தனியா காட்டுக்குள்ள இறங்குறார்.

எங்க மச்சான் வேலை செய்ற கந்தோர்லதான் இந்த மத்தியாஸ் கிளார்க். மச்சான்கிட்ட மட்டும், ஒரே ஒரு தடவை சொன்னாராம். கிட்ட வாங்க... சத்தமாச் சொல்ற கதையில்ல.

அந்தக் காட்டுல ஒரு காலத்துல குட்டி ரயில் ஓடிச்சு. ரெண்டடி அகலத் தண்டவாளம். மரம் இறக்கறதுக்குன்னே போட்டது. ஏத்தத்துல வெறும் ட்ரொலிகள ஒரு சின்ன இஞ்சின் இழுக்கும். இறக்கத்துல இஞ்சின் கிடையாது... மரம் ஏத்தின ட்ரொலி தன் பாட்டுக்கு உருண்டு வரும். மேல ஒரு ஆள் ஒக்காந்து பிரேக் சக்கரத்த முறுக்கிப் புடிச்சுகிட்டே வரணும். எண்பது வருசத்துக்கு முந்தி வீரையான்னு ஒரு பிரேக்காரன் ட்ரொலியோட பள்ளத்துல போனான். மரம் கிடைச்சிச்சு, ஆள் கிடைக்கல. அதோட தண்டவாளத்தக் கழட்டிட்டாங்க.

இதையெல்லாம் பன்னெண்டு வருசமா தேடிச் சேர்த்தவர் மத்தியாஸ். பக்கத்து மேசை தனபாலன்கிட்ட டீ குடிக்கறப்ப சொல்லப்போக... அவனும் காடெல்லாம் அலைஞ்சு, ரெண்டே வருசத்துல பேப்பர்ல எழுதிட்டான். போட்டோவோட. சனிக்கிழமை பேராதனைக் கெம்பஸ்ல பேசவும் கூப்பிட்டிருக்காங்க. மத்தியாஸ் வீட்டுக்கு வந்தா, அவர் சம்சாரம் யோசப்பின் அந்தக் கட்டுரைய வெட்டி அலுமாரிக் கதவுல ஒட்டியிருக்கு.

"எவ்வளவு வடிவா எழுதியிருக்கார், பாருங்களேன்!"

அன்னைக்கு மத்தியாஸுக்குச் சோறு எறங்கல. அப்படி ஒரு வயித்தெரிச்சல். வீரையா விழுந்த வளைவ தனபாலன் இன்னும் கண்டுபிடிக்கல. அத முந்திப் போய்ப் படம் எடுத்துடணும்... மறுநாள் கந்தோர் விட்டதும் நேரா இங்க வந்துட்டார்.

பனி இறங்கிடுச்சு. பாறைய வெட்டின ஒரு வளைவு. காலால இலையத் தள்ளினா... தண்டவாளம். கழட்ட மறந்த ஒரு துண்டு. மத்தியாஸ் தனக்குள்ள சிரிச்சுகிட்டார். குனிஞ்சு தொட்டார்.

சுட்டுச்சு.

அப்புறம் அதிர்ந்துச்சு. டிக்... டிக்... டிக்... மேல எங்கயோ இரும்பு உரசுற சத்தம். கிறீ...ச். பச்சை மரப்பால் வாசம், அதோட கட்டை கருகுற நாத்தம். பனிக்குள்ள இருந்து மரம் ஏத்தின ட்ரொலி ஒன்னு வந்து அவருக்கு முன்னால நின்னுச்சு. தண்டவாளமே இல்லாத எடத்துல.

மேல ஒரு ஆள். ரெண்டு கையும் சக்கரத்துல. உள்ளங்கையில தோல் இல்ல.

"கை அசந்துருச்சுங்க," ன்னான் மெதுவா. "மாத்தி விட ஆள் வேணும். பாதை தெரிஞ்ச ஆளா இருக்கணும். வர்றீங்களா?"

மத்தியாஸ் பின்னால நகர்ந்தார். ஆனா வாய் தானாப் பேசிச்சு.

"என்னைவிட பாதை தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான்... தனபாலன்."

ரெண்டு வருசமா யார்கிட்டயும் ஒத்துக்காத விசயம். கோயில்ல சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்றப்பக் கூட வாயில வராதது... அங்க வந்துச்சு.

அவன் தலையாட்டினான். பிரேக் தளர்ந்துச்சு. ட்ரொலி உருண்டு போச்சு... கண்டிப் பக்கமா, தனபாலன் வீடு இருக்கிற பக்கம்.

ரோட்டுக்கு ஓடி வந்து போனை எடுத்தார். தனபாலன் நம்பர் கண்ணு முன்னால. ஒரு தடவை அமத்தினாப் போதும். அவன் சனிக்கிழமை கெம்பஸ்ல பேசப்போறது ஞாபகம் வந்துச்சு... போனைப் பொக்கெட்டுல போட்டுகிட்டார்.

விடிய தனபாலன் எழும்பல. படுத்த எடத்துலயே போயிட்டான். நாப்பத்தஞ்சு வயசு, ஒரு நோய் கிடையாது.

செத்த வீட்டுல கை ரெண்டையும் சேர்த்துக் கட்டப் பார்த்தாங்க. விரல் எல்லாம் எதையோ இறுக்கிப் புடிச்ச மாதிரி மடங்கியிருக்கு. நாலு பேர் சேர்ந்தும் நிமித்த முடியல. நகத்துக்குள்ள மரத்தூள்... ஈரமா.

மத்தியாஸ் ஓரமா நின்னார். தனபாலன் சம்சாரம் நிஷாந்தினி கிட்ட வந்துச்சு. அழுது அழுது வத்திப்போன முகம்.

"அண்ணே, ராத்திரி தூக்கத்துல யார்கூடயோ பேசினார். 'மத்தியாஸ விட்டுருங்க, அவனுக்கு ரெண்டு பிள்ளைங்க... நானே வந்து புடிக்கிறேன்' ன்னார். எதண்ணே புடிக்கிறது?"