சிசிலியின் தனி உப்பு

வெள்ளரிக்காய் ஊறுகாய்க்குப் பச்சை நிறம்தான் அழகு, ஐயா. பழுப்பேறிய ஊறுகாயை மேசையில் வைக்கிற வீட்டுக்கு நான் மறுபடி போவதில்லை. என் அம்மாவின் செம்புச் சட்டியில் புளித்த ஆப்பிள் காடியைக் கொதிக்க வைத்து, காயைப் போட்டு, அப்படியே ஊறவிட வேண்டும். மறுநாள் திறந்தால் வசந்தகாலத்துப் புல் மாதிரி இருக்கும். அந்தச் சட்டிக்கு ஈயம் பூசச் சொல்லிப் பாத்திரக்காரன் வருஷா வருஷம் வாசலில் நின்று நச்சரிப்பான். ஈயம் பூசினால் நிறம் பிடிக்காது என்று விரட்டிவிடுவேன்.

நீங்கள் சிசிலியைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

என் கணவர் போன பிறகு நான் தம்பி ஆம்புரோஸின் வீட்டுக்கே திரும்பிவிட்டேன். சாவிக்கொத்து என் இடுப்பில் இருந்தது. மேசையின் தலைப்பக்கம் தம்பி, அவனுக்கு வலப்பக்கம் நான். எங்களுக்கு அடுத்துப் பெரிய வெள்ளி உப்புக்கலம். அதற்குக் கீழேதான் மற்றவர்கள். யார் எங்கே உட்காருவது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை, அந்த உப்புக்கலமே சொல்லிவிடும். வேண்டியவர்கள் கத்தி நுனியைத் துடைத்துக்கொண்டு அதிலிருந்து உப்பெடுப்பார்கள். யாராவது விரலை விட்டால் நான் ஒருமுறை பார்ப்பேன், அவ்வளவுதான்.

போன இலையுதிர் காலத்தில் தம்பி லண்டன் போய், ஒரு பட்டு வியாபாரியின் மகளைக் கட்டிக்கொண்டு வந்தான். அவள்தான் சிசிலி. பெட்டியைத் திறந்ததும் இரண்டு பல் வைத்த முள்கரண்டி ஒன்றை எடுத்தாள். கடவுள் விரல் கொடுத்திருக்கும்போது இறைச்சியைக் குத்தித் தின்கிறவளை நான் எப்படி நம்புவது? அடுத்து ஒரு குட்டி வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துத் தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"லண்டன்ல இப்பல்லாம் ஆளாளுக்குத் தனி உப்புதான், அக்கா. பத்துப் பேர் கத்தி முங்கினது யாருக்கு வேணும்?"

"நாங்க கத்தியைத் துடைச்சிட்டுத்தாம்மா எடுப்போம்," என்றேன்.

"எதுல? கால்சட்டையிலதானே?" என்று சிரித்தாள். தம்பியும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

கணவனுக்குப் பக்கத்தில் மனைவி உட்காருவதுதான் முறை. அதில் எனக்கு வருத்தமில்லை. விருந்தாளிகள் வந்த ஒரு நாள் இடம் போதாமல் நான் உப்புக்கலத்துக்குக் கீழே, பண்ணைக் கணக்கப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டி வந்தது. அதிலும் எனக்கு வருத்தமில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து ஊறுகாய்த் தட்டை மட்டும் தம்பிக்கு முன்னால் வைக்கச் சொன்னேன். தூரத்தில் உட்கார்ந்தாலும் அக்கா கை ருசி அவனுக்கு மறக்கக் கூடாது இல்லையா? எனக்குப் பல் கூசும், நான் தொடுவதில்லை. அவன் ஒருவனுக்குத்தான் அது.

அந்தக் குளிர்காலத்தில்தான் தம்பிக்கு வயிற்றுவலி கடுமையானது. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. முகம் மெழுகாகிப் போயிற்று. நான் அவளைக் கவனிக்கத் தொடங்கினேன். பாலில் எதையோ கலக்கிக் கொடுத்தாள். கேட்டால் தேன் என்றாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நக்கிப் பார்த்தேன், தேன்தான். தேனில் எதை வேண்டுமானாலும் ஒளித்துக் கொடுக்கலாம்.

ஒருநாள் என் ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டில் குழி வெட்டிக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"இது செம்புல ஊறுற களிம்பு, அக்கா, விஷம். இந்தப் பச்சை காய்ல இல்ல, சட்டியில இருக்கு. நீங்களே அவரைக் கொன்னுடுவீங்க."

"எங்கம்மா காலத்துலேர்ந்து போடுற ஊறுகாய் இது."

"உங்கம்மா எதுல செத்தாங்க?"

"வயித்துவலியில," என்றேன். அது எங்கள் பரம்பரை நோய், ஐயா. அப்பாவுக்கும் இருந்தது. என் கணவருக்கும் இருந்தது.

அவள் தம்பியிடம் சொல்லிச் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டாள். என்னிடம் கேட்கும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கொஞ்ச நாளைக்குத்தான் அக்கா," என்றான். தவக்காலத்தில் தம்பி தேறினான். குதிரையேறிச் சந்தைக்குப் போனான். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நஞ்சு வைக்கிறவள், பிறருக்குச் சந்தேகம் வந்ததென்று தெரிந்தால் கொஞ்ச நாள் நிறுத்துவாள். நிறுத்தினால் நோயாளி தேறுவான். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

தானியக் கொட்டிலில் எலிப்பாஷாணம் எப்போதும் இருக்கும். வெள்ளையாக, நைசாக இருக்கும். ஈஸ்டர் விருந்துக்கு மேசை தயாரானபோது அதை எடுத்து வந்து அவளுடைய குட்டிக் கிண்ணத்தில் உப்போடு கலந்தேன். பொது உப்பில் நான் கை வைக்கவில்லை. அதில் பத்துப் பேர் சாப்பிடுகிறார்கள், நான் கொலைகாரி இல்லை. அவள் லண்டன் நாகரிகம் பேசாமல் எல்லோரையும் போல உப்பெடுத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆட்டிறைச்சிக்கு அவள் உப்பைத் தாராளமாகத் தூவிக்கொள்வாள். அன்றும் தூவிக்கொண்டாள்.

சில நாள் படுக்கையில் கிடந்தாள். நான்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேன். வாய் துடைத்தேன், துணி மாற்றினேன். வேறு யாரையும் விடவில்லை. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்கு மட்டும் அந்த ஊறுகாயைக் குடுக்காதீங்க, அக்கா," என்றாள். சாகிற நேரத்தில்கூட அவளுக்கு உண்மை பேச மனம் வரவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

சாவிக்கொத்து என்னிடம் திரும்பி வந்தது. தம்பி உடைந்து போனான். யாரோடும் பேசுவதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினால் ஒரு வாய் ரொட்டி, ஒரு துண்டு வெள்ளரி, அவ்வளவுதான் இறங்கும்.

இப்போது அவனுக்கு மறுபடியும் அதே வலி, ஐயா. அதற்காகத்தான் யாரும் கூப்பிடாமல் நானே உங்களிடம் வந்தேன். சிசிலியைக் கொன்றவள் நான். என்னைத் தூக்கில் போடுவீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். என் குற்றத்தை மறைத்துவிட்டு இன்னொருத்தியைக் காட்டிக்கொடுத்தால் நீங்கள் நம்புவீர்களா? சமையல்கட்டில் வின்னி என்று ஒரு வேலைக்காரி இருக்கிறாள். சிசிலிக்கு வேண்டியவள். அவள் கல்லறைக்குப் பூ கொண்டு போகிறாள். நேற்று என் செம்புச் சட்டியை வெளியே எடுத்துப் போட்டுச் சாம்பலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். யார் சொல்லிக் கொடுத்தது அவளுக்கு?

உடனே ஆள் அனுப்பி அவளை அந்த வீட்டிலிருந்து விலக்குங்கள். நான் இல்லாவிட்டாலும் என் தம்பி பிழைக்க வேண்டும். என் கையால் செய்ததைத் தவிர வேறெதையும் அவன் வாயில் வைக்க விடாதீர்கள். புது ஜாடி மேல்தட்டில், துணி கட்டி இருக்கிறது. வேளைக்கு இரண்டு துண்டு கொடுக்கச் சொல்லுங்கள். இந்த வருஷம் நிறம் நன்றாகப் பிடித்திருக்கிறது.