ரோவீனா பத்து

மிட்டாய் செய்கிறவர்கள் மிட்டாய் தின்ன மாட்டார்கள், சார். பாகு காய்ச்சுகிற வாசனையிலேயே வயிறு நிறைந்துவிடும். அதனால்தான் காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றேன். நன்றாகத்தான் போடுகிறார்கள் உங்கள் ஸ்டேஷனில்.

நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை. நானாக வந்தேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நான் ரோவீனா ஹோக்லண்ட். கஞ்சா மிட்டாய் செய்து விற்க லைசென்ஸ் வைத்திருக்கிறவள். மேரியன்பெர்ரிப் பழச் சாற்றில் செய்த ஜெல்லி, பொட்டலத்தின் மேல் பெலிகன் படம். நீங்களும் வாங்கியிருக்கிறீர்கள், பயப்படாதீர்கள், அதைச் சொல்ல நான் வரவில்லை.

என் பொட்டலத்தில் ஒரு மிட்டாய்க்குப் பத்து மில்லிகிராம் போதைச்சத்து என்று போட்டிருக்கும். உள்ளே இருந்தது நான்கு. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்த ஓரிகன் கடற்கரையில் எனக்குத் தெரிந்து எவர் பொட்டலமும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியதில்லை. சோதனை செய்கிற லேப்காரர்களும் பிழைக்க வேண்டுமே. உள்ளதை உள்ளபடி சொல்கிற லேப்புக்கு யார் போவார்கள்? மாப்பிள்ளை வீட்டார் சம்பளத்தைக் கூட்டிச் சொல்கிற மாதிரி அவர்கள் கூட்டிச் சொன்னார்கள், நாங்கள் அச்சடித்தோம். வாங்குகிறவர்களும் விவரமானவர்கள். பத்து வேண்டுமென்றால் மூன்று மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வார்கள். சொல்கிறவளுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும் என்றால் அதைப் பொய் என்று எப்படிச் சொல்வது? அது ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

எல்லாம் சுமுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, டெல்பர்ட் வாயைத் திறக்கும் வரைக்கும்.

டெல்பர்ட்டை உங்களுக்குத் தெரியும். மர லாரி ஓட்டி ரிட்டயர் ஆனவர். முட்டி வலிக்கு என் மிட்டாய்தான் மருந்து. அவர் மனைவி இமோஜீன் என் சிநேகிதி. கண்ணில் புரை வந்து வண்டி ஓட்டுவதை விட்டவள். ஒருநாள் படகுத்துறையில் லைல் ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு வந்தான். நம் பிங்கோவில் நம்பர் கூப்பிடுகிற லைல்தான். பத்து பவுண்டு என்று பீற்றிக்கொண்டான். டெல்பர்ட் மீனை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தப் பத்துப்பா இது? தராசுப் பத்தா, ரோவீனா பத்தா?"

துறையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா, சார்? அன்றிலிருந்து இந்த ஊரில் குறைந்துபோன எல்லாமே ரோவீனா பத்துதான். "பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று யாராவது சொன்னால், "ரோவீனா பத்தா? அப்ப மதியமே வா" என்பார்கள். சர்ச்சில் பாதிரியார் பத்துக் கட்டளைகளைப் பற்றிப் பேசியபோது பின்வரிசையில் குபீரென்று ஒரு சிரிப்பு. பாதிரியார் உதட்டைக் கடித்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். இமோஜீன்கூட ஒருமுறை என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "விடு இமோ, எல்லாரும் சொல்றதுதானே" என்றேன். அவளுக்குக் கூடுதலாக ஒரு துண்டு கேக் வெட்டி வைத்தேன்.

அப்புறம்தான் புது விதி வந்தது. லேப்பை இனி நாங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. கடை அலமாரியிலிருந்து அரசாங்கத்து ஆட்களே பொட்டலத்தை எடுத்து, அவர்கள் சொல்கிற லேப்புக்கு அனுப்புவார்கள். எழுத்தும் எண்ணும் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், சொன்னதற்கும் உள்ளதற்கும் நூலிழைதான் வித்தியாசம் இருக்கலாம், மீறினால் லைசென்ஸ் போய்விடும். மற்ற மிட்டாய்க்காரர்கள் எல்லாம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். பாதிப் பேர் லேபிளில் பத்தை நான்காக்கினார்கள். நான் ஆக்கவில்லை. நான்கு என்று அச்சடித்தால் டெல்பர்ட் சொன்னது உண்மை என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடாதா?

அதனால் நான் மிட்டாயை மாற்றினேன். கஞ்சாச் சாற்றை இறுக்கி, பதம் பார்த்து, கொட்டி, மறுபடி காய்ச்சி. கடைசியில் லேப் பெண் போன் பண்ணி, "பத்து, மேடம். சுத்தமா பத்து. இவ்வளவு கச்சிதமா நான் பாத்ததே இல்ல" என்றாள். கரண்டியைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் நான் ஒரு சுற்று ஆடினேன், சார். இந்த வயதில், தனியாக. தரையில் ஒட்டியிருந்த பாகில் செருப்பு மாட்டிக்கொண்டது, வெறுங்காலோடு ஆடினேன். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

லேபிளில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. பத்து என்று இருந்தது, பத்து என்றே இருந்தது. முன்னைவிட வீரியம் அதிகம் என்று எழுதச் சொல்லி விதியில் எங்கேயும் இல்லை. நான் முழுவதும் படித்துப் பார்த்தேன்.

எங்கள் மன்றத்தில் அந்த வாரப் பிங்கோ ஆட்டத்துக்கு நான்தான் மிட்டாய் கொண்டுபோனேன். சாவிக் கூடையும் வழக்கம்போல் என் மடியில். மிட்டாய் தின்கிறவர்கள் வண்டிச் சாவியைக் கூடையில் போட வேண்டும், தின்னாதவர் காவல் இருக்க வேண்டும். அது எங்கள் மன்றத்தின் ஏற்பாடு. என் மிட்டாய் என்பதால் அதுவும் பேருக்குத்தான். ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு சாவியை எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

எல்லோரும் வழக்கம்போல் மூன்று மூன்றாகப் போட்டுக்கொண்டார்கள். இமோஜீன் மட்டும் தின்னவில்லை, அவளுக்கு அது ஒத்துக்கொள்ளாது. மிட்டாய் வேலை செய்ய நேரம் எடுக்கும் இல்லையா, முதல் ஆட்டங்கள் அமைதியாகப் போயின. பிறகு லைல் ஒரு நம்பரை எடுத்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான்.

"இது ஆறா, ஒன்பதா? அதுக்கே தெரியல பாவம்."

அவ்வளவுதான். யாரோ களுக்கென்றார்கள், கூடம் முழுக்கப் பற்றிக்கொண்டது. ஒருத்தி அட்டையில் ஒரு கட்டம்கூட அடிக்காமல் பிங்கோ என்று கையைத் தூக்கினாள். "வாழ்த்துக்கள்" என்று எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நண்டு சூப்பைப் பார்த்து ஒருவர் மன்னிப்புக் கேட்டார். லைல் மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே நம்பர் கூப்பிட்டான், நூற்றுக்கு மேலெல்லாம். டெல்பர்ட்டுக்குச் சிரித்துச் சிரித்துப் பல்செட் கையில் வந்துவிட்டது, அதைப் பார்த்து இன்னும் சிரித்தார். நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அத்தனை பேரும் என் கைப்பக்குவத்தில் மிதந்துகொண்டிருந்தார்கள்.

ஆட்டம் கலைந்தபோது யாருக்கும் நான் சாவி கொடுக்கவில்லை. "நடந்தே போங்க, காத்து நல்லா இருக்கு" என்றேன். பக்கத்து வீடுகள்தானே. கைகோத்துக்கொண்டு பாடிக்கொண்டே போனார்கள். டெல்பர்ட் வீடுதான் மலைச்சாலையில் தள்ளி இருக்கிறது. அவர் வந்து என் முன்னால் கையை நீட்டினார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"ரோவீனா, எனக்கு என்னமோ பண்ணுதும்மா. நிஜத்தைச் சொல்லு. இது தராசுப் பத்தா, ரோவீனா பத்தா?"

இமோஜீன் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தாள். "நீ சொன்னா சரி ரோவீனா. வேணாம்னா நாங்க லைல் வீட்டுல படுத்துக்கறோம்" என்றாள்.

நான் யோசித்தேன், சார். யோசிக்காமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். தராசுப் பத்து என்று அன்றைக்குச் சொன்னால், இத்தனை நாள் என்ன கொடுத்தாய் என்று கேட்பார்கள். அது ஒன்று. இன்னொன்று, சிலருக்குச் சொன்னால் ஏறாது, பட்டால்தான் தெரியும். ஒரு பள்ளத்தில் வண்டியை இறக்கிவிட்டு, காலையில் அசடு வழிய வந்து, "இந்தப் பத்து பத்துதான் தாயே" என்று எல்லோர் முன்னாலும் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அந்த முகத்தை நினைத்ததுமே எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ரோவீனா பத்துதான், டெல்பர்ட். வேற என்ன?" என்று சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். விரலை நான்தான் மடக்கிவிட்டேன், அவருக்கு மடக்க வரவில்லை.

மற்றதை நீங்கள்தான் போய்ப் பார்த்தீர்கள். வளைவில் மரம். இமோஜீன் உட்கார்ந்திருந்த பக்கம். அவள் அங்கேயே போய்விட்டாள் என்று லைல் வந்து சொன்னான். அடக்கத்துக்கு நான்தான் கேக் செய்தேன். அவளுக்குப் பிடித்த எலுமிச்சை கேக். வருத்தம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். நிறைய இருக்கிறது. வாரம் முழுக்கப் பேச எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான்.

ஆனால் நான் இங்கே வந்தது அதற்காக இல்லை. நேற்று ஆஸ்பத்திரிக்கு டெல்பர்ட்டைப் பார்க்கப் போனேன். காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

"எல்லாரும் உன் மிட்டாயச் சொல்றாங்கம்மா. நான் விடல. அட போங்கய்யா, அது ரோவீனா பத்து, எறும்பைக்கூடத் தள்ளாட வைக்காதுன்னு சொல்லிட்டேன். என் கைதான். கெழட்டுக் கை. என் இமோவ நான்தான் கொன்னுட்டேன்."

பக்கத்தில் நின்ற நர்ஸ் இருமுகிற மாதிரி வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாள், சார். எனக்குத் தெரியாதா? நீங்களும் அதைத்தானே செய்தீர்கள். மூன்று தின்றார் என்று அவரே வாக்குமூலம் கொடுத்தும், ரோவீனாவின் மூன்று என்ன செய்யும் என்று சோதனைக்கே அனுப்பாமல் விட்டீர்களாம். கண்ணும் கையும் தளர்ந்த கிழவன் என்று எழுதிவிட்டீர்களாம். அந்தக் கிழவர் பாவம், தன்மேல் பழி போட்டுக்கொண்டு கிடக்கிறார். அதைவிட, ஒரு ஆள் செத்த பிறகும் இந்த ஊர் என்னை நம்பவில்லை.

அன்றைக்கு மீந்த பொட்டலத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். இதோ, பிரிக்கவே இல்லை. எந்த லேப்புக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள், செலவு என்னுடையது. பத்தில் ஒரு மில்லிகிராம்கூடக் குறையாது.