கடைசி அத்தியாயத்துக்கான பாட்டு

எழுதத் துணிந்தமைக்கு முதலில் மன்னிப்புக் கோருகிறேன். பிறர் எழுத்தில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்தே காலம் கழித்தவன் நான். சொந்தமாக எழுதுவது இதுவே முதன்முறை. குறையிருப்பின் பொறுத்தருள வேண்டும்.

எந்த நிறுவனத்தின் தயவுமின்றித் தாமே பாடி, தாமே பதிவுசெய்து, தாமே விற்ற இசைக்குழுக்களைப் பற்றி எங்கள் பதிப்பகம் ஒரு நூல் வெளியிட்டது. வெளியீட்டு விழாவில் ஒவ்வோர் அத்தியாயத்திலிருந்தும் ஒரு பத்தியை வாசித்து, அதற்குப் பொருந்தும் பாட்டொன்றை ஒலிபரப்புவதென முடிவாயிற்று. பொருத்தும் பணி, மெய்ப்புப் பார்ப்பவனாகிய என்னிடம் வந்தது.

"எனக்குப் பாட்டே தெரியாதுங்க" என்றேன்.

"அதான் வேணும் வாத்தியாரே" என்றார் பதிப்பாளர். "தெரிஞ்சவன்கிட்ட குடுத்தா விழாவுக்குள்ள மண்டை உடையும். நீங்க புத்தகத்தை மட்டும் பாருங்க, போதும்."

புத்தகத்தை மட்டும் பார்த்தேன். சண்டையிட்டுப் பிரிந்த குழுவுக்கு, இருவர் வெவ்வேறு வேகத்தில் பாடிய பாட்டு. வாடகை டிரம்ஸை நம்பியிருந்த குழுவுக்கு, டிரம்ஸ் பாதியில் நின்றுபோகும் பாட்டு. நூலாசிரியரே பாராட்டினார், கூச்சமாக இருந்தது.

கடைசி அத்தியாயம், மெக்கானிக் ஷெட்டில் பாடிவந்த ஒரு குழுவைப் பற்றியது. பாடகர் இளம் வயதில் இறந்துவிட்டார். 'அக்குரலின் பதிவு ஒன்றுகூட எஞ்சவில்லை' என்று நூல் முடிகிறது. அதற்கு இரண்டு நிமிட மௌனத்தைப் பொருத்தினேன். என் தேர்வுகளில் சிறந்தது அதுதான் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நூல் அச்சாகி, அட்டை கட்டி வந்த பிறகு, அப்பாடகரின் தங்கை அலுவலகத்துக்கு வந்தார். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். மாத்திரைக் கவரிலிருந்து ஓர் ஒலிநாடாவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அண்ணன் பாடினது சார். இது ஒண்ணுதான் இருக்கு. எங்க டேப் ரெக்கார்டர் எப்பவோ போயிருச்சு. அம்மா கேக்கணும் கேக்கணும்னு உயிரை எடுக்கறாங்க. காப்பி போடலாம்னா கடைக்காரனை நம்பிக் குடுக்கப் பயமா இருக்கு. நீங்க புத்தகம் போடறவங்க, நீங்களே ஒரு காப்பி எடுத்துக் குடுங்க."

"தாராளமா. விழாவுக்கு அம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லித் தேநீர் வரவழைத்தேன்.

அவர் சென்றபின் நாடாவைக் கேட்டேன். முதலில் ஒரு சிரிப்பு. பிறகு ஆறு பாட்டு. நல்ல குரலென்றே நினைக்கிறேன். நடுவே ஓரிடத்தில் பாட்டை நிறுத்தி, "பாப்பா, கதவைச் சாத்து" என்கிறார்.

இக்குரல் இருக்குமாயின் நூலின் கடைசி வாக்கியம் பிழை. நான் பார்த்த எந்த நூலிலும் பிழைதிருத்தத் தாள் ஒட்ட நேர்ந்ததில்லை. நூலோ அச்சாகிவிட்டது, இனித் தொட முடியாது. எனவே திருத்தக்கூடியதைத் திருத்தினேன்.

வெற்று நாடாவைத் திருப்பித் தருவது மரியாதையாகாது. ஆகையால் பதிவுப் பொத்தானை அழுத்தி, அந்த அத்தியாயத்தையே மெய்ப்புக்கு வாசிப்பதுபோல் நிறுத்தக்குறிகளையும் சொல்லி, இரு பக்கமும் நிறையும்வரை வாசித்தேன்.

விழாவில் மௌனம் பெரிதும் எடுபட்டது. பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டனர். முன்வரிசையில் இருந்த தாயார் மட்டும் மகளிடம், "பாட்டு எப்பம்மா போடுவாங்க?" என்று சற்று உரக்கவே கேட்டுவிட்டார். கருவியில் கோளாறென்று சொல்லி நாடாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

சில நாட்கள் கழித்து மகள் வந்தார்.

"டேப் ரெக்கார்டர் இரவல் வாங்கிப் போட்டோம் சார். அண்ணனைக் காணோம். யாரோ கமா, முற்றுப்புள்ளின்னு படிச்சிட்டே இருக்காரு. நடுவுல எங்கயாவது அவன் வந்துருவான்னு அம்மா ரெண்டு பக்கமும் முழுசாக் கேட்டாங்க." நாடாவை மேசைமேல் வைத்தார். "அது உங்க குரல்தானே? ஏன்னு மட்டும் சொல்லுங்க."

நேரில் பேசிப் பழக்கமில்லாததால் எழுதித் தருவதாகச் சொன்னேன். அதுவே இது.

இழப்பு வருமாறு: ஆறு பாட்டு. ஒரு சிரிப்பு. கதவைச் சாத்தச் சொன்ன ஒரு வாக்கியம்.

நூலில் பிழை ஏதுமில்லை.